வெப்பத்தால் விண்ணை அளந்த மேகநாத சாகா

கல்லூரி மலரிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால், புலவர் ஒருவரைப் பற்றியோ புரவலர் ஒருவரைப் பற்றியோ எழுதுதலே வழக்கம். யாம் இம்முறை அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, வங்க நாட்டுப் பௌதிகப் பேரறிஞர் மேகநாத சாகா அவர்களின் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். இதற்குக் காரணம் இரண்டு. உலகம் தோன்றிய வகையை இன்று ஆராய்வோர் யாவரும், ஆதி அண்டத்தில் வெப்பம் செய்த தொழில் யாது என்னும் வினாவோடு மல்லாடுகின்றனர். வெப்பம் பொருளை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு விண்ணைப் படிக்க வழி வகுத்தவர் சாகா. இது முதற் காரணம். ஓர் ஏழைச் சிறுவன் அப்பெருநிலையை அடைதற்கு ஒரு வீட்டுத் திண்ணையும் ஒரு வேளைச் சோறும் உதவின என்பது இரண்டாவது. பழைய மாணவர் ஒன்றுகூடும் இவ்விழாக் காலத்தில் இரண்டாவதும் முதலாவதைப் போலவே எண்ணத் தக்கதாம்.

மேகநாதன் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. இராவணன் மைந்தனாகிய இந்திரசித்தின் இயற்பெயர் அதுவே. இராவணன் வெட்டைக் காட்டி அவன் கதை பேசும் திருகோணமலையில் வாழும் நாம், அப்பெயர் தாங்கிய மற்றொருவரின் கதையையும் அறிந்துகொள்வோமாக.

இளமையும் இடர்களும்

சாகா 1893 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் நாள், டாக்கா நகருக்கு அணித்தான சியோராதலி என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் செகநாத சாகா சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளுள் மேகநாதர் ஐந்தாமவர். ஊர்ப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றபின் மகன் கடையில் அமர்ந்து வணிகம் பழகினாற் போதும் என்பதே தந்தையார் கருத்து. மகனது கூர்மையைக் கண்ட ஆசிரியர்களும் தமையனாரும் மேலே படிக்க வைக்க விரும்பினர். ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியோ ஆறேழு மைல் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. நாடோறும் நடந்து போய்வருதல் சிறுவனுக்கு இயலாது. தங்க வைத்துச் சோறிடப் பணமும் இல்லை.

அவ்வூரில் அனந்தகுமார தாசர் என்னும் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் சிறுவனைத் தம் இல்லத்தில் ஏற்று, உணவும் உறையுளும் அளித்தார். உண்ட பாத்திரத்தைத் தானே கழுவுதல், வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய இரண்டுமே சிறுவன் அதற்குச் செய்த கைம்மாறு. பசுவுக்குப் புல்லிட்டுக்கொண்டே படித்த அப்பிள்ளை, 1905 இல் டாக்கா மாவட்டம் முழுவதிலும் முதல்வனாகத் தேறி உபகாரச் சம்பளம் பெற்று, டாக்கா அரசினர் பள்ளியிற் சேர்ந்தான்.

அவ்வாண்டிலேயே ஆங்கில ஆட்சியாளர் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தனர். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. கிழக்கு வங்க ஆளுநர் புல்லர் துரை பள்ளியைப் பார்வையிட வந்த காலை, மாணவர் பலர் அவ்வரவேற்பைப் புறக்கணித்தனர். அவருள் மேகநாதரும் ஒருவர். அதன் பயனாகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் பறிபோயிற்று. பன்னிரண்டு வயதினையுடைய ஏழைப் பிள்ளைக்கு இதனினும் பெரிய இடி வேறென்ன வேண்டும்? எனினும் கிசோரிலால் யூபிலிப் பள்ளி என்னும் தனியார் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. சணல் கம்பனியொன்றில் மாதம் 20 ரூபாய் ஊதியம் பெற்ற தமையனார், அதிலிருந்து 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பி வந்தார். 1909 இல் நடந்த புகுமுகத் தேர்விற் கிழக்கு வங்கத்து மாணவருள் முதலிடம் பெற்றார் மேகநாதர்.

1911 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். சகதீச சந்திர வசு, பிரபுல்ல சந்திர ராய் போன்ற பேராசிரியர்கள் அங்குக் கற்பித்தனர். சத்தியேந்திர நாத வசு உடன்பயின்றார். தேர்வுகளிலே வசு முதலாமிடமும் சாகா இரண்டாமிடமும் பெறுதல் வழக்கமாயிற்று. வகுப்பறையிற் கிடைத்த இப்பெருமை விடுதியிற் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் வாழ்ந்த உயர்குல மாணவர் சிலர், கடைக்காரச் சாதியிற் பிறந்த ஒருவனோடு ஒரே பந்தியில் இருந்து உண்ண மறுத்தனர். கலைமகள் பூசையிலும் அவர் ஒதுக்கி நிறுத்தப்பட்டார். கலைமகளின் அருளைக் கண்முன்னே பெற்றிருந்த ஒருவரை அவள் பூசையினின்றும் விலக்கிய பேதைமையை என்னென்பது! ஆயினும் பிறர் ஊரைப் பழித்து நாம் தப்பிவிட முடியாது. நம் நாட்டு வடபாற் பள்ளிகளிலும் 1920 களிலும் 1930 களிலும் சம ஆசனமும் சம போசனமும் வேண்டிப் போராட நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது.

பட்டம் பெற்றபின் அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுத விரும்பினார். தேசிய இயக்கத்தாரோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் அனுமதி கிடைக்கவில்லை. அன்று அக்கதவு திறந்திருப்பின், அவர் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்து ஓய்வூதியம் பெற்றிருப்பார். 1916 இல் அசுதோசு முகர்சி அவர்கள் கல்கத்தாவிற் புதிதாக அமைத்த அறிவியற் கல்லூரியில் விரிவுரையாளரானார். அங்கே தாமே நூல்களைக் கற்று, கற்றதை உடனே மாணவர்க்குக் கற்பிக்கும் நிலை. செர்மன் மொழி பயின்று, வசுவோடு சேர்ந்து ஐன்சுடைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1920 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது அதுவே முதன்முறை.

வெப்பமும் அணுவும்

இனி அவர் கண்ட உண்மைக்கு வருவோம். ஞாயிற்றின் ஒளியைப் பட்டகத்தினூடே செலுத்தினால் ஏழ்நிறப் பட்டை தோன்றும். அப்பட்டையிலே கரிய கோடுகள் பல குறுக்கிடும். ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய கோடுகளை உடையது. ஆதலின் கோடுகளைக் கண்டு அங்குள்ள பொருளை உணரலாம். ஆனால் ஒரு புதிர் இருந்தது. நிலவுலகிற் காணப்படும் சீசியம், உருபீடியம் என்பவற்றின் கோடுகள் ஞாயிற்றில் தென்படவில்லை. ஐதரசனைவிடப் பல மடங்கு பாரமான கல்சியமோ ஞாயிற்றின் மேல்வளியில் மிக உயரத்திலும் ஒளி காட்டிற்று. ஒரு விண்மீனில் ஒரு மூலகமும் மற்றொன்றில் வேறொரு மூலகமும் மிக்குத் தோன்றின. விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆயினவோ என அறிஞர் மயங்கினர்.

சாகா இப்புதிரை ஒரு சுண்ணாம்புச் சூளையின் கணக்கைக் கொண்டு விடுவித்தார் என்றால் மிகையாகாது. நம் கிழக்குக் கரையில் முன்னாளிலே முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். தீயின் வெப்பம் கல்லைச் சுண்ணாம்பாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிக்கின்றது. வாயு வெளியேற வழியிருந்தால் பிரிவு முற்றுப்பெறும். வாயு அடைபட்டு அமுக்கம் மிகுந்தால் பிரிந்தவை மீண்டும் கூடும். பிரிதலும் கூடுதலும் ஒத்து நிற்கும் நிலையே சமனிலை. இரசாயனர் நன்கறிந்த இக்கணக்கை அணுவின்மேல் ஏற்றிப் பார்த்தார் சாகா. மிகுந்த வெப்பத்திலே அணு தன் இலத்திரன் ஒன்றை இழக்கின்றது. எஞ்சியது அயன் எனப்படும். அயனும் இலத்திரனும் மீண்டும் சந்தித்தால் அணுவாகும். நெருக்கமான கூட்டத்தில் சந்திப்பு எளிது. பரந்த வெளியில் அரிது. எனவே அணுக்களில் எத்துணைப் பங்கு பிரிந்து நிற்கும் என்பதை வெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. வெப்பமும் அமுக்கமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இதனை ஒரு சமன்பாட்டில் அடக்கிய கட்டுரை, 1920 இல் இலண்டன் ஏடொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அக்கணமே புதிர்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சீசியமும் உருபீடியமும் ஞாயிற்றில் இல்லாமற் போகவில்லை. இலத்திரனை இழந்து வேற்றுருக் கொண்டமையால் பழைய கோடுகளைக் காட்டவில்லை. வெப்பம் குறைந்த ஞாயிற்றுக் கரும்புள்ளிகளிலே உருபீடியம் புலப்படக்கூடும் என்றார் சாகா. அமெரிக்க வானியலறிஞர் இரசல் தேடினார். அது அங்கே கிடைத்தது. விண்மீன்களின் வேற்றுமை பெரும்பாலும் வெப்ப வேற்றுமையே அன்றிப் பொருள் வேற்றுமை அன்று என்பது தெளிவாயிற்று. 1925 இல் செசிலியா பெயின் என்னும் இளம் பெண்மணி இச்சமன்பாட்டின் துணைகொண்டு விண்மீன்களை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆனவை என்று கண்டார். விண்மீன்கள் எதனால் ஆயின என்னும் பழைய வினாவுக்கு இங்ஙனம் விடை பிறந்தது.

இத்தனைக்கும் சாகாவிடம் பெரிய தொலைநோக்கியும் இல்லை. உயர்ந்த உலையும் இல்லை. இதற்கு முன்னர் அவர் எழுதிய கதிர்வீச்சு அமுக்கக் கட்டுரையொன்றை முழுமையாக அச்சிட வேண்டின் செலவில் ஒரு பகுதியைத் தருமாறு அமெரிக்க ஏடொன்று கேட்டது. கொடுக்கப் பணமில்லாமையால் அக்கட்டுரை அங்கு முழுமையாக வெளிவரவில்லை. பின்னர் இலண்டனில் அல்பிரட் பௌலரிடமும் பேர்லினில் நேர்ன்சிடமும் சிறிது காலம் ஆய்வு செய்து, 1921 இன் இறுதியில் தாயகம் மீண்டார்.

ஆதி அண்டமும் வெப்பமும்

சாகாவின் சமன்பாடு விண்மீன்களோடு நின்றுவிடவில்லை. அண்டம் விரிந்துகொண்டே இருக்கின்றது என்பது 1920 களின் இறுதியில் உறுதிப்பட்டது. விரிகின்ற வாயு குளிரும். ஆகவே பின்னோக்கிச் செல்லச் செல்ல அண்டம் நெருங்கியும் கொதித்தும் இருந்திருத்தல் வேண்டும். மிகப் பழைய காலத்தில் அணு எதுவும் முழுமையாக நிலைத்திருக்க முடியாது. இலத்திரன்கள் தனித்துத் திரிந்தமையால் ஒளி நேரே செல்லமாட்டாமல், பனிமூட்டத்துட் பட்ட விளக்கொளி போல் அலைந்தது. அந்த மூட்டம் விலகியது எப்போது? விடை கூறுவது சாகாவின் சமன்பாடு.

ஐதரசன் அணுவைப் பிரிப்பதற்கு வேண்டிய ஆற்றலை மட்டும் நோக்கினால், அண்டம் 1,50,000 பாகைக்குக் கீழே குளிர்ந்தவுடனே அணுக்கள் உண்டாகியிருக்கும் எனத் தோன்றும். உண்மை அதுவன்று. ஆதி அண்டத்தில் ஓர் அணுக்கருவிற்கு நூறு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துணுக்கைகள் இருந்தன. கூடும் அணுவை மீண்டும் உடைக்க அவை போதும். ஆதலால் வெப்பம் ஏறக்குறைய 3,000 பாகையாகக் குறையும் வரை மூட்டம் விலகவில்லை. அண்டம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் சென்றபின் அது நிகழ்ந்தது. விரிவு விரைவாக நிகழ்ந்தமையால் சமனிலை முழுமையாக நிலைபெறவில்லை. அத்திருத்தத்தைப் பீபிள்சும் செல்டோவிச்சு குழுவினரும் 1968 இல் கணக்கிட்டனர். ஆயினும் தொடக்கக் கணக்கு சாகாவினுடையதே. அன்று விடுபட்ட ஒளியைப் பென்சியாசும் வில்சனும் 1964 இல் தற்செயலாகக் கண்டனர். 1965 இல் அது வெளியாயிற்று. 1,380 கோடி ஆண்டுக்காலம் குளிர்ந்து, தனிவெப்ப அளவில் 2.7 பாகையாக அது இன்று எத்திசையினின்றும் நம்மை வந்தடைகின்றது.

எத்திசையிலும் ஒரே வெப்பம் என்பதிலேதான் அடுத்த புதிர் பிறந்தது. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒன்றையொன்று அடுத்திருந்தும் அவற்றின் வெப்பம் ஒன்றுபோல் இல்லை. நீராடச் சென்றோர் அனைவரும் இதனை அறிவர். அருகருகே உள்ள கிணறுகள் வேறுபட, வானத்தின் எதிரெதிர் முனைகள் இலட்சத்தில் ஒரு பங்கு வேற்றுமையே உடையனவாய் ஒத்திருப்பது எங்ஙனம்? அவை வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளக் காலமே இருந்ததில்லையே! 1981 இல் அலன் கூத் என்னும் அமெரிக்கர் ஒரு விடை மொழிந்தார். அண்டம் தோன்றிய முதற்கணத்தின் மிகச் சிறு கூற்றிலே அளவிறந்த வேகத்தில் வீங்கியது. வீங்குமுன் எல்லாம் ஒன்றாய் நெருங்கியிருந்து ஒரே வெப்பம் பெற்றன என்பதே அவ்விடை. இதனை அண்டப் பெருவீக்கக் கொள்கை எனலாம்.

இக்கொள்கையிலும் வெப்பமே பெரும்பங்கு கொள்கின்றது. தூய நீரை அசையாமற் குளிர்வித்தால், உறைநிலைக்குக் கீழும் சிறிதுபொழுது நீராகவே நிற்கும். பின் திடீரென உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். ஆதி அண்டமும் இவ்வாறு மிகைக்குளிர்ச்சி எய்தி, உறையாத நிலையில் வீங்கிற்று என்பது கூத்தின் முதற் கருத்து. அக்கருத்தில் உறைந்த பகுதிகள் ஒன்றுசேர இயலாத குறை இருந்தது. 1982 இல் லிண்டேயும், அல்பிரெக்டு, சுடைன்கார்டு இருவரும் அதனைத் திருத்தினர். வீக்கத்தால் அண்டம் முற்றும் குளிர்ந்துவிடுமாதலின், வீக்கம் முடிந்ததும் மீண்டும் வெப்பமூட்டப்படல் வேண்டும் என்பது பெரும்பாலோர் கொள்கை. 1995 இல் அருசுன் பெரேராவோ, வீக்கத்தின்போதே வெப்பம் இடைவிடாது உண்டாகி நிலவியிருக்கலாம் எனவும், விண்மீன் கூட்டங்களுக்கு வித்தான சிறு வேற்றுமைகள் அவ்வெப்பத்தின் நடுக்கத்தினின்றே பிறந்திருக்கலாம் எனவும் வேறொரு நெறி காட்டினார். இது வெம்மை வீக்கம் எனப்படும். இவற்றுள் எது மெய் என்பதை அளவைகள் இன்னும் தீர்த்துவைக்கவில்லை.

சாகா 1956 இலேயே மறைந்தார். பெருவீக்கம் என்னும் சொல்லையே அவர் கேட்டதில்லை. அவர் சமன்பாடு வீக்கத்தின் கணக்கும் அன்று. ஆயினும் வெப்பம் எவ்வளவு, நெருக்கம் எவ்வளவு, சமனிலை எய்தக் காலம் இருந்ததா என்று வினாவி, அவ்விடைகளால் காணாத பொருளின் நிலையை உணரும் நெறி அவர் நடந்து காட்டிய நெறியே. ஞாயிற்றுக்குப் பொருந்திய அந்நெறி அண்டத்தின் பிறப்புக்கும் பொருந்துகின்றது என்பதே அவர் பெருமை.

தொண்டும் முடிவும்

1923 முதல் 1938 வரை அலகாபாத்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தார். 1927 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்பினரானார். சிறீவாத்தவா என்பாரோடு சேர்ந்து 1931 இல் வெளியிட்ட வெப்பவியல் நூலை இந்தியக் கல்லூரி மாணவர் பல தலைமுறைகள் பயின்றனர். பின்னாளில் இந்தியக் கல்விக் குழுவிற்குத் தலைமை தாங்கிய கோத்தாரி அவர் மாணவர். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பன்முறை முன்மொழியப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை. 1938 இல் கல்கத்தா திரும்பி, அங்கே அவர் நிறுவிய அணுக்கருப் பௌதிக நிலையம் 1950 இல் திறக்கப்பெற்று, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவர் ஆய்வுகூடத்துள் அடைந்து கிடந்தவரல்லர். இளமையில் வெள்ளத்தைக் கண்ட அவர், தாமோதர ஆற்றை அடக்கும் திட்டத்திற்கு ஓயாது குரல் கொடுத்தார். 1948 இல் அதற்கெனத் தனி நிறுவனம் அமைந்தது. 1952 இல் எக்கட்சியையும் சாராமல் நின்று நாடாளுமன்றம் சென்றார். ஆட்சியாளர் தம் நண்பராயினும் குறை கண்டவிடத்துக் கடிந்துரைத்தார். அதனால் வருந்தியவர் பலர். அறிவியல் அனைத்தும் மறைநூல்களிலே முன்பே உள்ளது என்னும் பேச்சை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கடுஞ்சொல் சைவ நன்மக்கள் சிலர்க்குக் கசக்கலாம். ஆயினும் ஆராயாமல் பெருமை பேசுதல் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது என்னும் அவர் கருத்தை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். அவரே பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவராய் அமர்ந்து, நாட்டின் பல பகுதிகளிலும் வழங்கிய நாட்காட்டிகளைப் பொறுமையோடு ஆராய்ந்தார் என்பதும் நினைக்கத் தக்கது. அக்குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச்சு 22 இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1956 பெப்ரவரி 16 ஆம் நாள் புதுதில்லியில், திட்டக்குழு அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் மாரடைப்பால் வீழ்ந்து உயிர்நீத்தார். அப்போது அகவை அறுபத்திரண்டு.

நமக்குரிய கடன்

சாகாவுக்கு ஓராண்டு முன்னே, 1892 இல், நம் கிழக்கு மாகாணத்துக் காரைதீவிலே சுவாமி விபுலானந்தர் பிறந்தார். விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பைத் தாங்கியவர். அறிவியற் கலைச்சொல்லாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர். தமிழும் விஞ்ஞானமும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருக்கலாம் என்பதற்கு அவரே சான்று. ஆதலின் மாணவச் செல்வங்களே, வெப்பத்தின் கணக்கும் ஆதி அண்டத்தின் கதையும் அயலார்க்கே உரியன என்று ஒதுங்காதீர்கள். தாளும் எழுதுகோலும் கொண்டு சாகா தொடங்கினார்; அவை உங்களிடமும் உண்டு.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். மூதூர், குச்சவெளி, வெருகல் முதலிய தொலையூர்களினின்றும் படிக்க வரும் பிள்ளைகள் இன்றும் உளர். உவர்மலை என்று நாம் வழங்கும் ஓர்ஸ் ஹில்லிலே, துறைமுகத்தை நோக்கிய மேட்டில், வீடும் வசதியும் பெற்று வாழ்வோர் நம்முள் பலர். கட்டடத்திற்கும் வளைவுக்கும் பணம் சேர்த்தல் நன்றே. அதனினும் நன்று, உயர்தர வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளைக்கு ஓர் அறையும் ஒரு விளக்கும் இருவேளை உணவும் அளித்தல். சிமுலியா மருத்துவர் விண்மீன்களைப் பற்றி ஒன்றும் எழுதியவரல்லர். ஆயினும் அவர் அடுப்பில் வெந்த சோறு இல்லையேல், ஞாயிற்றின் வெப்பக் கணக்கை எழுதிய கை பலசரக்குக் கடையின் தராசைப் பிடித்தே ஓய்ந்திருக்கும். அத்தகைய பிள்ளை நம் வாயிலில் வந்து நிற்குங்கால், குலம் வினாவாது உள்ளே அழைப்போமாக.